அசையாமல் எடுத்த அளவு

சர்வேயர் நாச்சிமுத்துவுக்கு எதையும் எண்ணாமல் இருக்க வராது. முப்பத்துநாலு வருஷம் சங்கிலி பிடித்து நிலம் அளந்த மனுஷர். ஓய்வு பெற்று வீட்டுக்கு வந்ததும் மாடிப்படி பதினேழு, கேட்டுக் கம்பி இருபத்தாறு என்று எண்ணி முடித்துவிட்டார். அதற்குமேல் அளக்க ஒன்றும் இல்லாமல் போகவே, தையல் பழக வந்து சேர்ந்தார்.

குரு அவரைவிட இருபத்தேழு வயது சின்னவள். பெயர் வினோதினி. எதிர் வரிசை வீடு, கிளை நூலகத்தில் வேலை. தைப்பது அவளுக்குப் பிழைப்பு இல்லை, ஆசை. ஒரு பழைய வேட்டி கிடைத்தால் போதும், அதில் ஒரு பை, இரண்டு தலையணை உறை, மிச்சத்தில் ஒரு பாப்பா சட்டை என்று தைத்து வைத்துவிட்டுத்தான் எழுந்திருப்பாள். நூலகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. அன்றைக்கு அவள் வீட்டு முன்னறையில் மிஷின் ஓடும், பழக ஆசை இருக்கிறவர்கள் வந்து உட்காரலாம்.

நாச்சிமுத்து ஒரு வெள்ளி தவறாமல் வந்தார். நோட்டு, பென்சில், டேப் மூன்றும் கையில் இருக்கும். "வணக்கம் டீச்சர்" என்று நிமிர்ந்து நின்று சொல்வார். டீச்சர் என்று கூப்பிட வேண்டாம் என்று அவளும் எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்தாள். பதினாலு தடவை என்று அவர் கணக்கு வைத்திருந்தார். பிறகு அவளே விட்டுவிட்டாள்.

ஆறு மாதத்தில் பை தைத்தார், உறை தைத்தார், தனக்கே நீலக் கட்டம் போட்ட சட்டை ஒன்று தைத்துப் போட்டுக்கொண்டார். அப்புறம் மனைவிக்கு ஒரு ஜாக்கெட் தைத்தார். வந்தது வினை.

அந்த வெள்ளிக்கிழமை வரும்போதே முகம் தொங்கிப் போயிருந்தது. வணக்கம்கூடச் சொல்லவில்லை. காகிதப் பொட்டலத்தைப் பிரித்து, பச்சை ஜாக்கெட்டை மேசைமேல் வைத்தார்.

"அளவு சரிங்க டீச்சர். மூணு தடவை சரிபார்த்தேன். சுத்தளவு முப்பத்தெட்டரை. ஜாக்கெட்டும் முப்பத்தெட்டரை. ஒரு நூல் வித்தியாசம் இல்லீங்க. ஆனா சரியில்லீங்க."

"போட்டுப் பார்த்தாங்களா?"

"போட்டா. கொக்கி எல்லாம் மாட்டியாச்சு. நிக்கும்போது பார்த்தா அச்சுல வார்த்த மாதிரி இருக்குது. கையைத் தூக்குன்னு சொன்னேன். தோளுக்கு மேல போக மாட்டேங்குது. கிழிஞ்சிரும்னு பயந்து இறக்கிட்டா."

வினோதினிக்கு விஷயத்தின் கனம் புரிந்தது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கோயில் திடலில் வள்ளி கும்மி அரங்கேற்றம். தொண்ணூறு பெண்கள் ஆடுகிறார்கள். எல்லாருக்கும் மஞ்சள் சேலை, பச்சை ஜாக்கெட். பச்சைத் துணியை ஒரே சுருளாக வாங்கி ஆளுக்கு ஒரு பிட்டாக வெட்டிக் கொடுத்துவிட்டார்கள். சுருளும் தீர்ந்துபோய்விட்டது. நாச்சிமுத்துவின் மனைவி ருக்குமணி ஆறு மாதமாகத் தினமும் பயிற்சிக்குப் போய்க்கொண்டிருந்தாள்.

"மக திருப்பூர்ல இருந்து போன் பண்ணி, 'அம்மா, கடையில குடுத்துரு, அப்பாகிட்டக் குடுத்து வெளையாடாத'ன்னா. இவதான், 'இல்ல கண்ணு, அவரே தைக்கட்டும்'னு சொல்லிப் பிட்டை என் கையில குடுத்தா. நான் பக்கத்துலதான் இருந்தேன்."

சொல்லிவிட்டு அவர் ஜன்னல் பக்கம் பார்த்தார்.

"திட்டினாலாவது தேவலைங்க. 'பரவால்ல, நான் ஓரமா நின்னு கை தட்டிக்கறேன்'னு சொல்லிட்டு அடுப்பைப் பார்க்கப் போயிட்டா. அதுதான் எனக்குப் பொறுக்கல."

வினோதினி ஜாக்கெட்டை உள்பக்கமாகத் திருப்பினாள். தையலை ஒட்டி மயிரிழை விளிம்பு. பிரித்துவிட உள்ளே துணியே இல்லை.

"உள்ள துணி விடலீங்களா சார்?"

"விட்டேன். பார்க்க அசிங்கமா இருந்துச்சுங்க. ஒட்ட நறுக்கிட்டேன்."

"நல்லாத்தான் நறுக்கியிருக்கீங்க."

அவள் கேலி செய்கிறாளா பாராட்டுகிறாளா என்று அவருக்குத் தெரியவில்லை.

"நான் எங்க டீச்சர் தப்புப் பண்ணினேன்?"

வினோதினி அவர் பக்கம் வந்தாள். அவருடைய டேப்பையே வாங்கி, அவர் மார்பைச் சுற்றிப் பிடித்து, அளவு சரியாக நின்ற இடத்தில் ஒரு ஊக்கைக் குத்தினாள்.

"உட்காருங்க. டீ குடிக்கலாம்."

நாச்சிமுத்து நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். டேப் கச்சிதமாக இருந்தது. ஒரு வாய் டீ குடித்தார்.

"போன வாரம் நூலகத்துக்கு ஒருத்தர் வந்தாருங்க சார். நாலு வருஷம் முந்தி எடுத்துட்டுப் போன சமையல் புத்தகத்தைக் கொண்டாந்து வெச்சாரு. ஏனுங்க இத்தனை நாளுன்னு கேட்டேன். 'என்னங்க பண்றது, எங்க வீட்ல பாகற்காய்ப் பக்கத்தையே இன்னும் தாண்டல'ன்னு சொல்றாரு."

நாச்சிமுத்து வீட்டில் வாரத்துக்கு மூன்று நாள் பாகற்காய். அவருக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. ஊக்கு பட்டென்று தெறித்து ஜன்னல் பக்கம் போய் விழுந்தது. டீ பாதி சட்டையில். சட்டைப் பொத்தான்களும் இழுத்துப் பிடித்துக்கொண்டு விரிந்து நின்றன.

"எவ்வளவு கூடுச்சு?" என்றாள் வினோதினி.

அவர் உடனே டேப்பைப் பிடித்துப் பார்த்தார். "சிரிச்சா ஒரு அங்குலமுங்க."

"எது உங்க அளவு?"

நாச்சிமுத்து கொஞ்சம் யோசித்தார். பிறகு முகம் தெளிந்து நோட்டைத் திறந்தார். "அப்போ ஒரு அங்குலம் சேர்க்கோணும். எழுதிக்கறேன்."

வினோதினி அவர் கையிலிருந்த பென்சிலை வாங்கி மேசைமேல் வைத்தாள்.

"அளவெடுக்கையில அக்கா எப்படி நின்னாங்க?"

"நல்லா ஒத்துழைச்சா. அசையாத, மூச்சைப் பிடிச்சுட்டு நில்லுன்னு சொன்னேன். அப்படியே நின்னா. அவ எப்பவும் அப்படித்தான், சொன்னாக் கேட்டுக்குவா."

"அக்கா கும்மி ஆடிப் பார்த்திருக்கீங்களா?"

"இல்லீங்க. அந்நேரம் டிவியில செய்தி வரும்."

"இன்னைக்குப் போய்ப் பாருங்க. டேப்பு இங்கயே இருக்கட்டும். நோட்டும் இருக்கட்டும்."

"வெறுங்கையோடவா?"

"வெறுங்கையோடதான்."

நாச்சிமுத்து மேசையை இரண்டு முறை திரும்பிப் பார்த்தபடியே வெளியே போனார்.

சாயங்காலம் ஆறு மணிக்குத் திடலுக்குப் போய், தண்ணித் தொட்டி மேடையில் உட்கார்ந்தார். பழக்கதோஷம், முதலில் எண்ணினார். ஒன்பது வரிசை, வரிசைக்குப் பத்துப் பேர். பிறகு ருக்குமணியைத் தேடினார். ஓரமாக நிற்பாள் என்று ஓரத்திலேயே தேடினார். அங்கே காணோம்.

கும்மி ஆசிரியர் பாட்டை எடுத்தார், மேளம் சேர்ந்துகொண்டது. முதல் வரிசை நடுவில் இருந்த பெண் ஒருத்தி குனிந்து, மண்ணைத் தொடுகிற மாதிரி கையை வீசி, அப்படியே நிமிர்ந்து இரண்டு கையையும் தலைக்கு மேல் கொண்டுபோய்த் தட்டிவிட்டு ஒரு சுற்றுச் சுற்றினாள். என்ன வேகம் என்று நாச்சிமுத்து வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தார். அவள் இந்தப் பக்கம் திரும்பியபோதுதான் முகம் தெரிந்தது.

அவருக்குத் திக்கென்றது. இவளா? அளவெடுக்கும்போது சர்வே கல் மாதிரி நின்றவள் இவள்தானா? பழைய ஜாக்கெட், வேர்த்து ஒழுகுகிற முகம், பல்லெல்லாம் தெரியச் சிரிப்பு. முப்பத்தாறு வருஷமாக ஒரே வீட்டில் இருந்து இதை ஒரு நாளும் பார்க்கவில்லையே என்று அவருக்கு வெட்கமாக இருந்தது. அதைவிடச் சந்தோஷம் அதிகமாக இருந்தது. ருக்குமணி அவரைப் பார்த்துவிட்டாள். ஒரு அடி தவறியது. தலையை ஆட்டிச் சிரித்துக்கொண்டே அடுத்த அடியைப் பிடித்துக்கொண்டாள்.

மறுநாள் சனிக்கிழமை, வினோதினி நூலகம் விட்டு வரும்போது நாச்சிமுத்து அவள் வீட்டு கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"பார்த்தீங்களா சார்?"

"பார்த்தேனுங்க."

"எவ்வளவு வேணும்?"

அவர் வாயைத் திறந்தார். எண் எதுவும் வரவில்லை.

"எப்படிச் சொல்றதுன்னே தெரியலீங்க டீச்சர். இப்படிக் குனியறா…" குனிந்து காட்டினார். "அப்புறம் கையை இப்படி வீசறா…" வீசினார். "அப்படியே மேல கொண்டுட்டுப் போயி…"

இரண்டு கையும் தலைக்கு மேல் போன அதே நேரத்தில் டர்ரென்று ஒரு சத்தம். நீலக் கட்டச் சட்டை அக்குளில் தொடங்கி இடுப்புவரை கிழிந்து தொங்கியது.

வினோதினி வாயைப் பொத்திக்கொண்டு பார்த்தாள், முடியவில்லை. படியில் உட்கார்ந்து சிரித்தாள். அவரும் சிரிக்கத் தொடங்கியதும் இன்னொரு பக்கமும் கிழிந்தது.

"இதைத் தைச்சு எத்தனை நாளாச்சு சார்?"

"நாலு மாசமுங்க."

"இத்தனை நாளும் கிழியலையா?"

நாச்சிமுத்து கிழிசலைத் தடவிப் பார்த்தார்.

"கையைத் தூக்கலீங்க" என்றார்.

வினோதினி உள்ளே போய் ஒரு துண்டைக் கொண்டுவந்து அவரிடம் நீட்டினாள். "இதைப் போத்திக்கிட்டுச் சட்டையைக் கழட்டிக் குடுங்க. ஒட்டுப்போடத் துணி கிடைச்சிருச்சு."

"பச்சை ஜாக்கெட்டுல நீலக் கட்டமா?"

"வேற பச்சை இருக்குதுங்களா?"

இல்லை. அவர் கழற்றிக் கொடுத்தார். கொடுத்துவிட்டும் மனசு கேட்கவில்லை.

"கையைத் தூக்குனா வெளியே தெரியுமே டீச்சர்."

"தூக்குனாத்தான் தெரியும்" என்று சொல்லி, அவரை முன்னறைக்குக் கூட்டிப்போய்ப் பச்சை ஜாக்கெட்டையும் கத்தரிக்கோலையும் அவர் கையில் கொடுத்தாள். "பக்கத் தையலைப் பிரிங்க. நீங்கதான் தைக்கோணும்."

அக்குளில் இருந்து இடுப்புவரை பக்கத்துக்கு ஒரு நீளத் துண்டு. எவ்வளவு அகலம் என்று அவர் மூன்று தடவை கேட்டார். மூன்று தடவையும் அவள், "நேத்துப் பார்த்ததை நெனைச்சுக்குங்க" என்று சொல்லிவிட்டு முருங்கைக் கீரையை உருவிக்கொண்டிருந்தாள். நாச்சிமுத்து கண்ணை மூடிக்கொண்டார். திடலும் மேளமும் வேர்த்த முகமும் வந்தன. கண்ணைத் திறந்து, ஆயுசிலேயே முதல் தடவையாகக் கண்மதிப்பில் வெட்டினார். உள்ளே தாராளமாகத் துணி விட்டார். நறுக்கவில்லை.

வீட்டில் ருக்குமணி அதைப் போட்டுக்கொண்டு வந்து கூடத்தில் நின்றாள். பயந்து பயந்து கையைத் தூக்கினாள். காதைத் தாண்டியது. தலையைத் தாண்டியது. அப்போதுதான் நீலம் கண்ணில் பட்டது.

"ஏனுங்க, இது உங்க சட்டையாட்டம் இருக்குது."

"ஆமா."

"அப்போ சட்டை?"

"அது போச்சு."

அவள் மறுபடியும் கையைத் தூக்கிப் பார்த்தாள். கூடத்திலேயே ஒரு சுற்றுச் சுற்றினாள்.

"தொண்ணூறு பேர்ல எவளுக்கும் இப்படி ஒண்ணு இல்லீங்க" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை திடல் நிறைந்திருந்தது. தொண்ணூறு மஞ்சள் சேலை, தொண்ணூறு பச்சை ஜாக்கெட், யார் யாரென்று அவரவர் பிள்ளைகளுக்கே அடையாளம் தெரியவில்லை. திருப்பூரில் இருந்து வந்த மகள், "அம்மா எங்கப்பா?" என்று எட்டி எட்டிப் பார்த்தாள். எல்லாக் கைகளும் ஒன்றாக மேலே போனபோது நாச்சிமுத்து சட்டென்று காட்டினார்.

"அதோ, நீலம்."

அடுத்த வெள்ளிக்கிழமை அவர் நிமிர்ந்து நின்று வணக்கம் சொன்னார். கையில் ஒரு புதுத் துணி இருந்தது. மேசைமேல் அப்படியே கிடந்த நோட்டை எடுத்துத் தூசி தட்டினார்.

"ருக்கு அடுத்த ஜாக்கெட்டுக்குத் துணி குடுத்துட்டா டீச்சர். அதுவும் அவளே எடுத்துக் குடுத்தா. இந்தத் தடவை தப்பு வரக்கூடாது. சுத்தளவுக்கு மேல எவ்வளவு சேர்க்கோணும்? ஒரு எண்ணாச் சொன்னீங்கன்னா எழுதிக்குவேன்."

வினோதினி மிஷினை மிதித்துக்கொண்டே கேட்டாள். "அரங்கேற்றம் எப்படிங்க இருந்துச்சு?"

"பிரமாதமுங்க. மூணு மணி நேரம். உட்காரவே இல்ல அவ."

"அக்கா எத்தனை தடவை கையைத் தூக்குனாங்க?"

நாச்சிமுத்து வழக்கம்போல மேலே பார்த்தார், எண்ணைச் சொல்லப் போகிறவர் மாதிரி. பார்த்தபடியே நின்றார்.

"எண்ணலீங்க" என்றார் மெதுவாக. அவருக்கே அது ஆச்சரியமாக இருந்தது. "எண்ணோணும்னு தோணவே இல்லீங்க டீச்சர்."

வினோதினி மிஷினை நிறுத்தினாள். இழுப்பறையைத் திறந்து, போன வாரம் அவரிடமிருந்து வாங்கி வைத்த டேப்பை எடுத்து அவர் கையில் கொடுத்தாள்.

"இனி நீங்க அளவெடுக்கலாமுங்க சார்."