‘ம்’ என்ற பதில்

கோயம்புத்தூரில் பதினோரு பேர் கொண்ட ஒரு குழு இருந்தது. கயிற்றால் கட்டுவதிலும் கட்டப்படுவதிலும் சுகமும் நிம்மதியும் காண்கிறவர்கள். எல்லோரும் முப்பதைத் தாண்டியவர்கள். வீட்டிலோ அலுவலகத்திலோ யாருக்கும் தெரியாது. மாதத்தின் இரண்டாம் ஞாயிறு, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, தடாகம் சாலைப் பக்கம் ஒரு மாடிக் கூடத்தில் கூடுவார்கள்.

அவர்களுக்குக் கயிறு கற்றுக்கொடுத்தவர் எஸ்தர். பிசியோதெரபிஸ்ட். முப்பத்தெட்டு வயது. உடம்பில் எந்த நரம்பு எங்கே ஓடுகிறது என்று விரல் வைத்துச் சொல்வார். அவரிடம் நான்கு வருடமாகக் கற்றுவந்தவர் குணசீலன். நில அளவையர். ஐம்பத்தொரு வயது. தன்னைவிடச் சின்னவரை டீச்சர் என்றுதான் கூப்பிடுவார்.

ஒரு ஞாயிறு குணசீலன் சுடர்விழி என்ற பெண்ணைக் கட்டினார். சுடர்விழி குழுவுக்கு வந்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. கட்டுவதற்கு முன் இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து எது ஆகும், எது ஆகாது என்று பேசிக்கொள்ள வேண்டும். அது குழுவின் வழக்கம். நடுவில் யார் ‘சிவப்பு’ என்று சொன்னாலும் எல்லாம் நிற்க வேண்டும்.

சுடர்விழி சொன்னார்: “கை, கால், தோள் சரி. கழுத்துப் பக்கம் கயிறு வேணாம். கண்ணைக் கட்டக் கூடாது.”

பாதிவரை நன்றாகத்தான் போயிற்று. சுடர்விழியின் முகம் தளர்ந்து அமைதியாக இருந்தது. குணசீலன் குனிந்து கேட்டார்: “கண்ணைக் கட்டட்டுமா?”

“ம்” என்றார் சுடர்விழி.

குணசீலன் ஒரு துணியால் கண்ணைக் கட்டினார். கால் மணி நேரம் கழித்து எல்லாவற்றையும் அவிழ்த்தார். சுடர்விழி நன்றி சொல்லிவிட்டுப் போனார். மறுநாள் எஸ்தருக்கு ஒரு செய்தி அனுப்பினார். ‘இனி வரமாட்டேன். கண்ணைக் கட்டியதும் எனக்கு மூச்சே வரவில்லை. எப்போது முடியும் என்று ஒன்று, இரண்டு எண்ணிக்கொண்டிருந்தேன்.’

எஸ்தர் அதைச் சொன்னதும், அந்த வாரமே குணசீலன் அவரைக் கூடத்தில் வந்து பார்த்தார்.

“நான் கேட்டுட்டுத்தான டீச்சர் செஞ்சேன்? அவங்க ‘ம்’னாங்க. ‘சிவப்பு’ சொல்லவே இல்லை. என் தப்பு என்ன?”

எஸ்தர் கயிறுகளைச் சுருட்டிக்கொண்டிருந்தார்.

“நானும் அன்னிக்கு இங்கதான் இருந்தேன்” என்றார். “துணியைப் பார்த்தேன். பேசி வச்சிருப்பீங்கன்னு நெனச்சு விட்டுட்டேன்.”

“அப்ப தப்பு உங்களுதா, என்னுதா?”

“உங்களை யாராவது கட்டியிருக்காங்களா சார்?”

“இல்லை.”

“நான் கட்டட்டுமா?”

“இப்பவா?”

“வேணாம்னா வேணாம்.”

குணசீலன் சட்டைக் கையை மடித்துவிட்டார். “கட்டுங்க” என்றார்.

இருவரும் பாயில் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். எது ஆகும், எது ஆகாது என்று எஸ்தர் கேட்டார்.

“கையைப் பின்னாடி கட்டலாம். பத்து நிமிஷம். கண்ணாடியை மட்டும் கழட்டக் கூடாது.”

“காரணம் சொல்லணும்னு இல்லை.”

“சொல்றேன். ஸ்கூல்ல பசங்க கண்ணாடியைப் பிடுங்கிட்டு ஓடிடுவாங்க. கிரவுண்ட் நடுவுல நின்னுட்டிருப்பேன். எல்லாமே வெள்ளையாத் தெரியும். இன்னிக்கும் கண்ணாடி இல்லேன்னா நெஞ்சை அடைக்கும்.”

எஸ்தர் கட்ட ஆரம்பித்தார். கயிறு மணிக்கட்டைச் சுற்றிற்று. பிறகு மேல்கை, பிறகு மார்பு. ஒவ்வொரு சுற்றுக்கும் விரலை உள்ளே விட்டுப் பார்த்தார். நான்கு வருடமாக மற்றவர்களுக்குச் செய்ததைத் தன் உடம்பில் குணசீலன் முதல்முறை அறிந்தார். தோள் இறங்கியது. இத்தனை நாள் தூக்கிக்கொண்டிருந்த எதையோ யாரோ வாங்கிக்கொண்டதுபோல் இருந்தது. தெருவில் பஸ் போகும் சத்தம் எங்கோ தூரத்தில் கேட்டது.

“கண்ணாடியைக் கழட்டட்டுமா?” எஸ்தரின் குரல் மெதுவாக வந்தது.

“ம்” என்றார் குணசீலன்.

யாரும் கண்ணாடியைத் தொடவில்லை. குணசீலன் கண்ணைத் திறந்தார். எஸ்தர் எதிரே கைகளை மடியில் வைத்தபடி உட்கார்ந்திருந்தார். பிறகு எழுந்து வந்து முடிச்சுகளை அவிழ்த்து, சிவந்திருந்த மணிக்கட்டுகளைத் தேய்த்துவிட்டார்.

குணசீலன் மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்தார்.

“நான் ‘ம்’னு சொன்னேனே. ஏன் கழட்டலை?”

“கண்ணாடி விஷயத்துல மனசு மாத்திக்கிட்டீங்களா?”

“இல்லை.”

“கழட்டியிருந்தா?”

“பயந்திருப்பேன்.”

“‘சிவப்பு’ன்னு சொல்லியிருப்பீங்களா?”

குணசீலன் யோசித்தார். பொய் சொல்லத் தோன்றியது. சொல்லவில்லை.

“மாட்டேன்.”

“அப்புறம் ஏன் ‘ம்’னீங்க?”

“நீங்க கேட்டீங்க. வேணாம்னா உங்க முகம் மாறிடுமோன்னு இருந்துச்சு.” அவர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். “யோசிக்கவே இல்லை டீச்சர். தானா வந்துடுச்சு.”

எஸ்தர் ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். ‘என் தப்பு என்ன’ என்று குணசீலன் மறுபடி கேட்கவில்லை. கிளம்பும்போது, “நான் கொஞ்ச நாள் வரலை. சுடர்விழிகிட்ட சொல்லிடுங்க” என்றார்.

எஸ்தர் சொன்னார். தான் அன்று பார்த்தும் பேசாமல் இருந்ததையும் சொன்னார். சுடர்விழி இரண்டு மாதம் பதில் போடவில்லை. மூன்றாம் மாதம் வந்து, சுவரோரம் உட்கார்ந்து மற்றவர்களைப் பார்த்துவிட்டுப் போனார். அதற்கடுத்த மாதம், தன் வலது கையை மட்டும் கட்டச் சொல்லி எஸ்தரிடம் நீட்டினார்.

குணசீலனுக்கு அந்தச் செய்தி போயிற்று. அவர் எஸ்தரைப் போனில் அழைத்து, சுடர்விழிக்கு ஒரு மன்னிப்புக் கடிதம் எழுதலாமா என்று கேட்டுச் சொல்லச் சொன்னார். அடுத்த வாரம், எஸ்தர் பதில் சொல்லுமுன்பே, கடிதத்தோடு எஸ்தரின் கிளினிக்குக்கு வந்துவிட்டார். கடைசி நோயாளி போகும்வரை பெஞ்சில் காத்திருந்தார்.

“ஆறு தடவை எழுதிக் கிழிச்சேன் டீச்சர். இது சரியா வந்திருக்கு. கேட்டீங்களா?”

“கேட்டேன். வேணாம்னாங்க.”

குணசீலன் கடிதத்தைப் பார்த்தார். நான்கு பக்கம். கையெழுத்து ஒரே சீராக இருந்தது.

“அவங்க என்னைப் பார்க்க வேணாம். பதில் போட வேணாம். சும்மா படிச்சாப் போதும்.”

எஸ்தர் கிளினிக்கின் ஜன்னலைச் சாத்தினார்.

“அவங்களுக்கும் அது நல்லதுதானே? இன்னும் ஒரே ஒரு தடவை கேட்டுப் பாருங்க. நீங்க கேட்டா சரின்னுடுவாங்க.”

எஸ்தர் மின்விசிறியை நிறுத்திவிட்டு வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தார்.

“ஆமா சார்” என்றார். “நான் கேட்டா ‘ம்’னுடுவாங்க.”