காலடியில் கேட்ட உளிச் சத்தம்

மலைக்கு மலை ஒரு ராஜா ஆண்ட காலத்தில், ஒரு மலையை மட்டும் ஒரு ராணி ஆண்டாள், கேளுங்கள். அந்த மலைக்குள் வெள்ளியும் தங்கமும் இருப்பது தெரிந்ததும், கொற்றன், சேந்தன் என்ற இரண்டு சுரங்கக்காரர்களைக் கூப்பிட்டாள். மலையில் ஆளுக்கு ஒரு பக்கம் பங்கு பிரித்துக் கொடுத்து, முதலில் தங்கம் கொண்டுவருகிறவனே சுரங்கத்துக்குத் தலைவன் என்றாள்.

மூத்தவன் கொற்றன் மலைமேலிருந்து நேரே குழி இறக்கினான். சேந்தனோ அடிவாரத்திலிருந்து மலைக்குள் ஒரு வாய்க்கால் குடைந்தான். "முதல்ல தண்ணி வடியணும் தாயே, தங்கம் அப்புறம்" என்றான். ராணி தலையசைத்தாள். கொற்றனுக்கு வயிறு எரிந்தது.

முதல் மாதம் இருவருக்கும் வெறும் கல்தான். ஆனாலும் ராணி வாய்க்காலைப் பார்க்கப் போனாள். கொற்றனுக்கு வயிறு எரிந்தது.

இரண்டாம் மாதம் கொற்றன் வெள்ளி எடுத்தான். ராணி மகிழ்ந்தாள். "மழைக்கு என்ன வழி? சேந்தனை ஒரு வார்த்தை கேள்" என்றும் சொன்னாள். கை நிறைய வெள்ளியை வைத்துக்கொண்டும் அவனுக்கு வயிறு எரிந்தது.

மூன்றாம் மாதம் கொற்றனின் குழிப் பாறையில் மஞ்சள் கோடு தெரிந்தது. தங்கமேதான். அந்த நேரம் பார்த்து அவன் காலடியில் டொக், டொக் என்று உளிச் சத்தம்.

"திருட்டுப் பயல். அடியில வந்து என் தங்கத்தை அள்ளப் பாக்கிறான்" என்று கொற்றன் பல்லைக் கடித்தான். குழியின் தரையில் களிமண்ணைக் கொட்டி, கல்லை அடுக்கி, கெட்டியாக இடித்து அடைத்தான். பேச வந்த சேந்தனை வாயைத் திறக்க விடாமல் விரட்டினான்.

மறுநாள் மழை கொட்டியது. மலைத்தண்ணீரெல்லாம் குழிக்குள் பாய்ந்தது. ஏணியை அடித்து நொறுக்கியது. உள்ளே கொற்றனும் அவன் ஆட்களும் நின்றார்கள். தண்ணீர் முழங்காலுக்கு வந்தது, இடுப்புக்கு வந்தது, கழுத்துக்கு வந்தது. தங்கக் கோடு மூழ்கியதை அப்போது யார் பார்த்தார்கள்?

காலடியில் மறுபடியும் டொக், டொக். பாறை உடைந்தது, களிமண் கரைந்தது, தண்ணீர் கீழே இறங்கி ஓடியது. ஓட்டை வழியாக ஒவ்வொருவராக இறங்கினார்கள். வாய்க்காலில், நெற்றியில் ரத்தம் வழிய, சுவரோடு ஒட்டி நின்றான் சேந்தன்.

"உன் பங்குத் தங்கம் அந்தப் பக்கம் இருக்குதே. வாய்க்காலை ஏன்டா இங்க திருப்பினே?" என்று கேட்டான் கொற்றன்.

"தண்ணி உங்க பக்கம்தானே வரும், அண்ணே."

கொற்றன் தலை குனிந்தான். மழை விட்டதும் அந்தத் தங்கக் கல்லைத் தானே வெட்டி எடுத்து, ராணி பார்க்க, சேந்தன் கையில் வைத்தான். அன்றைக்குத்தான் முதல் முறையாக அவன் வயிறு எரியவில்லை.

அடுத்தவனைப் பார்த்துப் பொறாமைப்படுகிறவன், தன்னைக் காப்பாற்ற வருகிற வழியையும் தன் கையாலேயே அடைத்துவிடுவான்.