அணைத்த பெட்டியும் வராத படமும்

சொல்லுக்குக் கட்டுப்படுதல் ஒருவரிடம் இருந்தாலே ஊருக்கு நன்மை. வெண்டைக்குளத்தில் அந்தக் குணம் நால்வரிடம் சேர்ந்தாற்போல் அமைந்திருந்தது.

அவர்களில் பூவுலிங்கத்துக்கு நாற்பது வயது கடந்தும் பெண் அமையவில்லை. கடைசியாக மும்பையிலிருந்து ஓர் இடம் வந்தது. “மாப்பிள்ளையைத் திரையில் பார்க்கிறோம். பிடித்தால் மேற்கொண்டு பேசலாம்” என்றார் பெண்ணின் தகப்பனார். வெள்ளிக்கிழமை நான்கு மணி என்று நேரமும் குறித்தார். வெண்டைக்குளத்தில் கைப்பேசியில் பேச்சு வரும், படம் வராது. ஆகவே பூவுலிங்கம் வீட்டில் இணையம் வாங்கி, ரவுட்டர் பெட்டி ஒன்றையும் மாட்டினான்.

வெள்ளிக்கிழமை மதியம் பெட்டியில் சிவப்பு விளக்கு எரிந்தது. இணையம் நின்றுபோயிற்று. பூவுலிங்கம் வாசலுக்கு ஓடிக் கூப்பாடு போட்டான். இந்த இடமும் கைநழுவினால் வேறு இடம் ஏது?

அவனுடைய அக்காள் கணவர் ஆறுமுகநயினார், கூட்டாளிகளான மாசானம், கொம்பையா மூவரும் ஓடி வந்தார்கள். மாசானம் இணைய நிறுவனத்துக்குப் போன் போட்டான்.

“பதற்றப்படாதீங்க சார்” என்றாள் அங்கிருந்த பெண். “முதல்ல ரவுட்டரை அணைங்க. கொஞ்ச நேரம் அணைச்சே வச்சிருங்க.”

நால்வரும் பெட்டியைப் பார்த்தார்கள்.

“யாரு அணைக்கது?” என்றான் கொம்பையா.

“பெட்டி என்னோடது. நானே அணைக்கேன்” என்று பூவுலிங்கம் கையை விரித்தான்.

“ச்சீ, விடுலே!” என்றார் ஆறுமுகநயினார். “பொண்ணு பாக்கப்போற நேரத்துல நீ இன்னொண்ணை அணைக்கலாமா? நான் கல்யாணம் ஆனவன். எனக்குப் பழக்கம் உண்டு. உங்க அக்காகிட்ட மட்டும் சொல்லிராத மாப்ளே.”

அவர் கண்ணை மூடிக்கொண்டு பெட்டியை மார்போடு அணைத்தார்.

ஐயம் தோன்றினால் கேட்டுத் தெளிவதே முறை. எனவே மாசானம் கேட்டான்: “அம்மா, இறுக்கமா இருக்கணுமா?”

அவள் வயரைச் சொல்வதாக எண்ணிக்கொண்டாள். “ஆமா சார், லூசா இருந்தா வேலைக்கு ஆகாது. இப்பவும் லைட் எரியுதா?”

“எரியுதும்மா.”

“அப்போ நீங்க சரியா அணைக்கலை.”

ஆறுமுகநயினாருக்கு அவமானமாகப் போயிற்று. உடனே மாசானமும் கொம்பையாவும் ஆளுக்கொரு பக்கம் அணைத்தார்கள். மணி நான்கை நெருங்கவே, பூவுலிங்கமும் மானத்தை விட்டு நடுவில் புகுந்தான்.

“அணைச்சாச்சும்மா” என்றான் மாசானம், மூச்சுத் திணற.

“நல்லது. இப்போ போடுங்க.”

போட்டார்கள். பெட்டி தரையில் விழுந்து மூன்று துண்டாயிற்று.

“அம்மா, சிவப்பு லைட்டு போயிருச்சு!”

“ரொம்ப மகிழ்ச்சி சார். எங்க சேவைக்கு எத்தனை மார்க் போடுவீங்க?”

“நூத்துக்கு நூறு” என்றார்கள் நால்வரும், மனதார.

நான்கு மணிக்குப் பெண்ணின் தகப்பனார் அழைத்தார். “என்ன மாப்பிள்ளை, திரையில ஆளையே காணோம்?”

“இங்கதான் இருக்கேன் மாமா.”

“திரையில பாக்கதாத்தானே பேச்சு? வார வெள்ளி வரைக்கும் பொறுப்பேன். அதுக்குள்ள தெரியலைன்னா வேற இடம் பாத்துருவேன்.”

பூவுலிங்கம் தலையில் கைவைத்து உட்கார்ந்தான். ஆறுமுகநயினார் அவன் முதுகில் தட்டினார். “எந்திரி மாப்ளே. திரை அங்க இருந்தா என்ன, இங்க இருந்தா என்ன? நாமளே கொண்டுபோய்க் காட்டுவோம்.”

சுவர்க் கண்ணாடி ஒன்றைக் கழற்றி, கண்ணாடியை நீக்கி, வெறும் சட்டத்தோடு நால்வரும் மும்பைக்கு ரயில் ஏறினார்கள்.

அங்கே, பெண் வீட்டுக் கூடத்தில், மாசானமும் கொம்பையாவும் சட்டத்தை இருபுறமும் பிடித்தார்கள். பூவுலிங்கம் அதன் பின்னே அமர்ந்து இமைக்காமல் பார்த்தான். பெண் பேச்சிக்கனி காபித் தட்டோடு வந்தாள். குனிந்து பார்த்தாள். பக்கவாட்டிலும் பார்த்தாள்.

“படம் நல்லாத் தெளிவா இருக்குப்பா” என்றாள், வெட்கத்தோடு. “எனக்குப் பிடிச்சிருக்கு.”

பூவுலிங்கத்துக்குக் கண் கலங்கியது. ஆனால் தகப்பனார் தாடையைத் தடவினார்.

“எனக்கும் பிடிச்சிருக்கு. ஆனாலும், திரையில பாத்ததை மட்டும் நம்பிப் பொண்ணைக் கொடுக்க முடியுமா? மாப்பிள்ளையை ஒரு தடவை நேர்ல வரச் சொல்லுங்க.”

“நியாயமான பேச்சு” என்றார் ஆறுமுகநயினார்.

“இப்பவே கிளம்பி வந்துருதேன் மாமா!” என்று பூவுலிங்கம் சட்டத்துக்குள் இருந்தபடியே கும்பிட்டான்.

மும்பைக்கு வருவதற்காக, அன்று மாலையே நால்வரும் வெண்டைக்குளத்துக்கு ரயில் ஏறினார்கள்.