வாசலைத் தாண்டிய வண்டி

பூங்கோதை அம்மையாரின் பள்ளியில் மூத்த மாணாக்கர் சாத்தப்பர். வயதில் குருவையும்விட மூத்தவர். உப்பு வியாபாரத்தை மகன்களிடம் விட்டுவிட்டுப் பாடம் கேட்க வந்தவர். பாடம் மெதுவாகத்தான் ஏறியது. பள்ளியின் நல்ல பெயரைக் காப்பதில் மட்டும் அவரை அடிக்க ஆள் கிடையாது.

அந்த மழைக்காலத்தில் பள்ளி மதில் சரிந்து, மருதன் என்ற மாணவன் இறந்துபோனான்.

அரசர் அப்போதுதான் புதுச் சட்டம் போட்டிருந்தார். பள்ளிக்குள் ஒரு பிள்ளை இறந்தால், குருமார் கூடும் ஆண்டுச் சபையில் எழுந்து அதைச் சொல்ல வேண்டும். எப்படி இறந்தான் என்றும் சொல்ல வேண்டும். சொன்ன பள்ளி, சபை வாசலில் பறக்கும் தன் கொடியை இறக்கிவிட வேண்டும்.

சாத்தப்பருக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

"அம்மா, கொடி இறங்கினால் யார் நம்மிடம் பிள்ளையை அனுப்புவார்கள்? பள்ளியை இழுத்து மூட வேண்டியதுதான்."

"சட்டம் சொல்லச் சொல்கிறதே."

"பள்ளிக்குள் இறந்தால் என்றுதானே சொல்கிறது? வைத்தியரிடம் கொண்டுபோகும்போது, வண்டி நம் வாசலைத் தாண்டிய பிறகுதான் உயிர் போனது. நானே கூட இருந்தேனே!"

அம்மையார் பதில் சொல்லவில்லை. அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார் சாத்தப்பர். வியாபாரி அல்லவா!

சபை கூடியது. ஒவ்வொரு பள்ளியாக அழைத்தார்கள். "எங்களிடம் யாரும் இறக்கவில்லை" என்று ஒவ்வொரு குருவும் உட்கார்ந்தபடியே சொன்னார். நாடு முழுக்கப் பிள்ளைகளுக்கு அப்படியொரு ஆயுள்!

பூங்கோதை அம்மையார் எழுந்தார்.

"மருதன். குயவர் வீட்டுப் பிள்ளை. எங்கள் மதில் விரிசல் விட்டிருந்தது எனக்குத் தெரியும். மழை விடட்டும் என்று தள்ளிப்போட்டேன். அது அவன்மேல் சரிந்தது."

கடைசி வரிசையில் மருதனின் அப்பா உட்கார்ந்திருந்தார்.

"பள்ளிக்குள்ளேயே இறந்தானா?" என்று கேட்டார் சபையை நடத்திய அமைச்சர்.

சாத்தப்பர் துள்ளி எழுந்தார். "இல்லை ஐயா, வாசலைத் தாண்டி, வண்டியில்."

"அப்படியானால் சட்டம் உங்களுக்குப் பொருந்தாது. உட்காருங்கள் அம்மா. கொடி பறக்கட்டும்."

மருதனின் அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். மகன் எங்குமே சாகவில்லை என்று ஆகிவிட்ட பிறகு அவருக்கு அங்கே என்ன வேலை? அந்த முகத்தைப் பார்த்த சாத்தப்பர் உட்கார மறந்து நின்றார்.

அம்மையார் உட்காரவில்லை.

"சாத்தப்பரே, உயிர் போகும்போது பிள்ளையின் தலை எங்கே இருந்தது?"

சாத்தப்பர் கடைசி வரிசைக்கும் கேட்கும்படி சொன்னார்.

"என் மடியில், அம்மா. என் கையை விடவே இல்லை அவன்."

வெளியே போகப் புறப்பட்ட அப்பா நின்று திரும்பினார்.

சாத்தப்பர் உத்தரவுக்குக் காத்திருக்கவில்லை. தாமே போய்க் கொடிக்கயிற்றை அவிழ்த்தார். தலை குனிய வேண்டியிருக்கும் என்று இத்தனை நாள் பயந்திருந்த மனிதர், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தார். இப்படியொரு குருவிடம் பாடம் கேட்கிறோமே என்று அவருக்குப் பெருமை தாங்கவில்லை.

அமைச்சருக்கு இன்னும் விளங்கவில்லை.

"சட்டம் வாசலோடு நின்றுவிடுகிறதே அம்மா?"

"நிற்கட்டும் ஐயா. எங்கள் பள்ளி அந்தப் பிள்ளை கூடவே வண்டியில் போனது."