காலி ஆணி

இன்னாசியம்மாளின் பட்டறைச் சுவரைப் பார்க்கிறவர்கள் முதலில் வாயைப் பிளப்பார்கள். சுவர் முழுக்க மரமீன்கள். படகுக்குப் பின்னால் தூண்டில் நரம்பில் கட்டி இழுத்துப் போனால், இரை என்று நம்பிப் பெரிய மீன் வந்து கவ்வும். வயிற்றுக்கடியில் தூண்டில் முள் காத்திருக்கும். அந்த ஏமாற்று வேலைக்குத்தான் இத்தனை அழகு.

ஒன்று போல ஒன்று இருக்காது. அவளுடைய அப்பா காலத்து மீன்கள் குண்டு குண்டாக, வாய் சரிவாக வெட்டப்பட்டவை. பிறகு வந்தவை இடுப்பில் லேசாக வளைந்தவை. ஒன்றுக்குத் தாடையில் தகர நாக்கு. இன்னொன்றுக்குக் கண்ணாடி மணிக் கண். பக்கத்திலேயே ஒன்று, வெறும் கரும்புள்ளியைக் கண்ணென்று வைத்துக்கொண்டு முறைத்துக்கொண்டிருக்கும்.

கோமதிநாயகத்துக்கு அத்தனையும் மனப்பாடம். கதவு, ஜன்னல், கட்டில் செய்து நல்ல பேர் எடுத்த தச்சன் அவன். நாற்பது வயதுக்கு மேல் மரமீனைப் பார்த்துக் கிறுக்குப் பிடித்து, உளியைத் தூக்கிக்கொண்டு இன்னாசியம்மாளிடம் சீடனாக வந்து சேர்ந்தான். மச்சினன் சிரித்தான். மனைவி சிரிக்கவில்லை. ஆவணி முடிவதற்குள் தன் மீன் ஒன்று அந்தச் சுவரில் தொங்கும், இல்லையென்றால் பழையபடி கதவு ஜன்னல்தான் என்று அவளுக்கு வாக்குக் கொடுத்திருந்தான்.

சுவரில் இடத்துக்குப் பஞ்சமில்லை. மீன்களுக்கு நடுவே நிறைய காலி ஆணிகள். ஒருநாள் தான் செய்த மீனை அப்படியோர் ஆணியில் மாட்டினான். இரண்டடி பின்னால் வந்து ரசிப்பதற்குள் குரல் வந்துவிட்டது.

"அதை எடு, நாயகம். அதுல ஆள் இருக்கு."

பஸ்ஸில் துண்டு போட்ட சீட்டைப் பற்றிச் சொல்வது போலச் சொன்னாள். ஆணியில் ஒரு நூல்கூடத் தொங்கவில்லை.

"யாரு இருக்கா, யக்கா?"

"வேலையைப் பாரு."

தன் மீனுக்குத் தகுதியில்லை என்பதைத்தான் இப்படி நாசூக்காகச் சொல்கிறாள் என்று எடுத்துக்கொண்டான். மனசு வலித்தது. அன்று மத்தியானம் சோறு இறங்கவில்லை.

மறுநாள் கேட்டான்.

"யக்கா, இதுல எது ரொம்ப நல்லாயிருக்கு?"

"நீயே பாத்துச் சொல்லு."

"எனக்கு எல்லாமே நல்லாத்தான் தெரியுது."

"அப்ப எல்லாத்தையும் சேத்து ஒண்ணு செய்யி."

வரம் கிடைத்த மாதிரி உட்கார்ந்தான். ஒன்றிலிருந்து வாய், ஒன்றிலிருந்து வளைவு, தகர நாக்கு, கண்ணாடிக் கண், ஒன்றையும் விடவில்லை. முதுகில் ஒவ்வொரு செதிலாக வரைந்தான். முடித்தபோது அது அவனையே பார்த்தது. படகுக்காரன் கஸ்பார் வந்து, "அடேயப்பா" என்று சொல்லி வாங்கிக்கொண்டு போனான்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து கஸ்பார் திரும்பி வந்தான். மீனை இன்னாசியம்மாள் கையில் வைத்தான். ஒரு பல் தடம் இல்லை.

"குத்தம் சொல்ல முடியாது யக்கா, டிவி மேல வச்சா அம்சமா இருக்கும். கடல்லதான் ஒரு பயலும் சீந்தல."

இன்னாசியம்மாள் மீனை ஒரு சுற்றுத் திருப்பிப் பார்த்தாள். சுத்தியலை எடுத்தாள். சுவரில் புதிதாக ஓர் ஆணி அடித்து அந்த மீனை மாட்டினாள்.

கோமதிநாயகத்துக்குக் கண் நிறைந்துவிட்டது. ஓடிப்போய்ப் போனை எடுத்து மனைவியைக் கூப்பிட்டான். "மாட்டியாச்சுடி! சுவத்துல மாட்டியாச்சு!"

கஸ்பாருக்கு ஒன்றும் புரியவில்லை. "என்னவே, திருப்பிக் கொடுத்ததுக்கா இந்தக் குதி குதிக்கீரு?"

"சுவத்துல இடம் கெடச்சிருக்குல்லா!"

"சுவத்துல தொங்குறது பூரா நாங்க வேண்டாம்னு திருப்பிக் கொடுத்ததுல்லா வே. மீனு புடிக்கிறதை எவனாவது கொண்டாந்து திருப்பிக் கொடுப்பானா?"

போனில் மனைவி ஹலோ ஹலோ என்று கத்திக்கொண்டிருந்தாள். அவன் போனை அணைத்தான். சுவரைப் பார்த்தான். இத்தனை நாளாக அவன் விழுந்து விழுந்து படித்ததெல்லாம் எந்த மீனும் திரும்பிப் பார்க்காத மீன்கள். ஆத்திரமாக வந்தது.

"முதல்லயே சொல்லியிருக்கலாம்லா, யக்கா?"

"சொல்லியிருந்தா தலையை ஆட்டியிருப்ப. சாயங்காலம் வந்து மறுபடி சுவத்தைத்தான் பாத்திருப்ப."

அதுவும் நிஜம்தான். அதனால் ஆத்திரம் இன்னும் கொஞ்சம் கூடியது.

"பின்னே நான் எதைப் பாக்க?"

"கஸ்பார் படகுல ஒண்ணு கெடக்கு. போய்ப் பாரு."

அவன் போனான். கஸ்பார் எடுத்துக் காட்டியதை மீன் என்று சொல்லவே கூச்சமாக இருந்தது. ஒரு கண்ணைக் காணோம். வால் பாதிதான் இருந்தது. கஸ்பார் அதை முழுசாகக் கையில் கொடுக்கக்கூட இல்லை, ஒரு முனையைப் பிடித்துக்கொண்டே காட்டினான். கோமதிநாயகம் குனிந்து திருப்பித் திருப்பிப் பார்த்தான். பல் பட்ட இடமெல்லாம் அடிவயிறும் வாலும். முதுகில் ஒரு கீறல் கிடையாது. அங்கே வரைந்த செதில் நேற்று வரைந்தது போல அப்படியே இருந்தது.

"பாத்தது போதும், கொடும்வே," என்று கஸ்பார் பிடுங்கிக்கொண்டான்.

அடுத்த மீனுக்கு முதுகில் ஒரே பூச்சு, அவ்வளவுதான். அடிவயிற்றோடு நாள்கணக்காக மல்லுக்கட்டினான். சீவினான், தொட்டித் தண்ணீரில் விட்டு இழுத்தான், மறுபடி சீவினான். பார்க்க ஒன்றும் விசேஷமாக இல்லை. அதே அச்சில் இரண்டு செய்து, ஒன்றைக் கஸ்பாரிடம் கொடுத்தான்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது, கஸ்பார் வரவில்லை. அடுத்த ஞாயிறும் வரவில்லை. தெருவில் எதிரே பார்த்தால் வேறு சந்தில் திரும்பிவிடுகிறான். கோமதிநாயகத்துக்கு இருப்புக்கொள்ளவில்லை. ஆவணி முடியப் போகிறது. திருப்பிக் கொடுத்த மீன் சுவரில் தொங்குவதை வாக்கில் சேர்க்க அவனுக்கே மனசில்லை. கதவு ஜன்னல் கண்ணில் ஆடத் தொடங்கியது.

ஆவணிக் கடைசியில் கஸ்பார் வந்தான். உள்ளங்கையில் துணி சுற்றியிருந்தது.

"யக்கா, அது போயிட்டு."

"எது?" என்று கோமதிநாயகம் எழுந்தான்.

"உம்ம மீனுதான் வே. எங்க திருப்பிக் கேட்டுருவீரோன்னுதான் இத்தனை நாளா கண்ணுல படல. தெனமும் பாரை, சீலான்னு இழுத்துக் கொடுத்துது. இன்னைக்கு ஒரு பாரை, கன்னுக்குட்டி தண்டி இருக்கும். கையை அறுத்து, நரம்பையும் அறுத்து, வாயில வச்சபடிக்கே போயிட்டு. இன்னொண்ணு இருக்கா?"

கோமதிநாயகம் உட்கார்ந்துவிட்டான். சந்தோஷமா துக்கமா என்று அவனுக்கே பிரியவில்லை. அழுதான். சுவரில் மாட்டவேண்டிய ஒரே மீன் கடலடியில் எங்கோ ஒரு பாரையின் வாயில் அலைந்துகொண்டிருந்தது.

இன்னாசியம்மாள் சுத்தியலை எடுத்தாள். தன் அப்பாவின் மீன்களுக்குப் பக்கத்தில், நல்ல வெளிச்சம் படுகிற இடத்தில் ஓர் ஆணி அடித்தாள்.

அவனுக்கு உயிர் வந்தது. முகத்தைத் துடைத்துக்கொண்டு, ஜன்னலோரம் இருந்த ஜோடி மீனை எடுத்துக்கொண்டு ஆணியை நோக்கிப் போனான்.

"அதைக் கஸ்பார்ட்ட கொடு, நாயகம்," என்றாள் இன்னாசியம்மாள். "இந்த ஆணியில ஆள் இருக்கு."