அஞ்சுக்கு நாலு

பெருங்குடலில் வந்த புற்றுநோய் பூலோகத்தின் கல்லீரலுக்கும் பரவியிருந்தது. கட்டிகளை வெட்டி எடுக்க முடியும் என்று ஸ்கேன் காட்டியது. ஆனாலும் அறுவைசிகிச்சை பயின்றுவந்த டாக்டர் வில்சன் மதிப்பெண் போட்டுப் பார்த்தான். கட்டிகள் எத்தனை, எவ்வளவு பெரிது என்பதுபோல ஐந்து கேள்விகள். மோசமான பதில் ஒவ்வொன்றுக்கும் ஒரு மதிப்பெண். பூலோகத்துக்கு நாலு வந்தது.

"ஆபரேஷன் வேண்டாம் ஐயா. மருந்தோட நிறுத்திக்கலாம். உங்களுக்கு அஞ்சுக்கு நாலு."

அப்பா முன்னால் எதையும் பேசிவிடாதீர்கள் என்று கட்டிலுக்கு அந்தப் பக்கம் நின்ற மகன் கண்ணாலேயே கெஞ்சினான்.

"அவன் கிடக்கிறான், நீங்க சொல்லுங்க தம்பி," என்றார் பூலோகம். லிஃப்ட் பழுதுபார்ப்பவர். "எனக்கு எல்லாம் தெரியும். நாலுன்னா பாஸ்தானே?"

"இதுல குறைச்சலா வாங்கினாத்தான் நல்லது."

"அட, இங்கேயாவது நல்ல மார்க் வாங்கிட்டேன்னு பார்த்தேன். சரி, நாலு வாங்கினவன் ஒருத்தன்கூடவா பிழைக்கலை?"

அந்தக் கேள்வி வில்சனை விடுவதாக இல்லை. தன் ஆசிரியை டாக்டர் நாச்சியம்மையைத் தேடிப் போனான்.

"மேடம், பூலோகத்துக்கு மார்க் நாலு, ஆபரேஷன் வேண்டாம்னு சொல்லிட்டேன். நாலு வாங்கினவங்கள்ல யார் பிழைப்பாங்கன்னு முன்கூட்டியே சொல்ல முடியுமா?"

கை கழுவிக்கொண்டிருந்த நாச்சியம்மை குழாயை மூடினார்.

"அந்த மார்க்கை யாரைப் பார்த்து உண்டாக்கினாங்க?"

"நோயாளிகளைப் பார்த்துத்தான்."

"எந்த நோயாளிகளை? படிச்சுட்டு வா."

சாப்பாட்டை மறந்து படித்தான். திரும்பி வரும்போது நடையில் முன்பிருந்த வேகம் இல்லை.

"எல்லாருமே ஆபரேஷன் பண்ணிக்கிட்டவங்க, மேடம்."

"அவங்கள்ல நாலு வாங்கினவங்க?"

"நிறையப் பேருக்கு நோய் திரும்பி வந்திருக்கு. சில பேர் பல வருஷம் இருந்திருக்காங்க."

"ஆபரேஷன் பண்ணிக்காதவங்க?"

"அவங்க அந்தக் கணக்குலேயே இல்லை."

நாச்சியம்மை துண்டை எடுத்துக் கையைத் துடைத்தார்.

வில்சன் கொஞ்சம் தயங்கினான். பிறகு கேட்டான்.

"அந்தச் சில பேர்ல பூலோகமும் ஒருத்தரா இருப்பாரா, மேடம்?"

"தெரியாது வில்சன். ஆபரேஷன் பண்ணிக்கிட்டவங்க வரிசையில நிக்கவே நீ இன்னும் அவரை விடலையே."