நாலாவது இடத்தில் போட்ட இன்சூரன்ஸ்

மேலக்கோணம்பட்டிக்காரர்கள் கெட்டவர்கள் இல்லை. சொன்னதைச் சொன்னபடி செய்வார்கள். அவர்களிடம் உள்ள கோளாறே அதுதான்.

அந்த ஊர் ஒச்சப்பனுக்கு மூன்று வருஷமாக வேலை இல்லை. கடைசியில் டவுன் பார்சல் ஆபீசில் வீடு வீடாகப் பார்சல் கொடுக்கிற வேலை ஒன்று வந்தது. மேனேஜர் அருளப்பன் சார் அவனை மேலும் கீழும் பார்த்தார்.

"வேலை உனக்குத்தான்னு வச்சுக்க. ஆனா சனிக்கிழமை காலைல பத்து மணிக்கு உன் பைக்கும் இங்க இருக்கணும், அதுக்கு இன்சூரன்ஸ் பேப்பரும் இருக்கணும். இல்லன்னா வேற ஆளப் பாத்துருவேன்."

அதோடு விட்டிருக்கலாம். நல்ல மனுஷன், நாலு வார்த்தை சேர்த்துச் சொன்னார். "எடுத்த எடுப்புல ஒரு இடத்துல போட்டுராத. நாலு இடத்துல விசாரி, எங்க கம்மியோ அங்க போடு. அதுவரைக்கும் வண்டியில ஏறாத, போலீஸ் பிடிச்சா ஃபைன் தீட்டிருவான்."

இதில் புரியாமல் போக என்ன இருக்கிறது? ஒச்சப்பனுக்கு எல்லாமே புரிந்தது. அதுதான் வினை.

ஊருக்கு வந்ததும் இரண்டு கூட்டாளிகளைக் கூப்பிட்டான். ஒருவன் மொக்கைச்சாமி. எட்டாம் வகுப்பை மட்டும் மூன்று வருஷம் படித்தவன், அதனால் ஊரிலேயே அதிகம் படித்தவன் என்று பேர். இன்னொருவன் சின்னக்காளை. டவுனில் ஒரு மெக்கானிக் கடைக்கு எதிர்வீட்டில் குடியிருந்தவன், அதனால் மெக்கானிக்.

மூன்று பேரும் பைக்கைத் தள்ளிக்கொண்டே டவுனுக்குப் போனார்கள். ஆறு கிலோமீட்டர். ஒச்சப்பன் ஹெல்மெட் போட்டுக்கொண்டு தள்ளினான்.

எதிரே வந்த ஒருவர் கேட்டார். "என்னப்பா, பஞ்சரா?"

"இல்லண்ணே, நல்லாத்தான் இருக்கு."

"பெட்ரோல் இல்லையா?"

"டேங்க் ஃபுல்லுண்ணே."

அவர் வந்த வேலையை மறந்து கொஞ்ச நேரம் அங்கேயே நின்றார்.

முதல் இன்சூரன்ஸ் ஆபீசில் கண்ணாடி போட்ட பெரியவர் பொறுமையாக விளக்கினார். "உங்க வண்டியால மத்தவங்களுக்கு ஏதாச்சும் ஆனா குடுக்குற இன்சூரன்ஸ் எங்க போனாலும் ஒரே விலை. உங்க வண்டிக்கும் சேத்துப் போட்டா, அது வண்டியோட மதிப்பப் பொறுத்தது. மதிப்பு குறையக் குறைய பணமும் குறையும். போட்டுரட்டுமா?"

"வேணாம் சார். நீங்க முதல் இடம்" என்றான் ஒச்சப்பன்.

"அதனால என்ன?"

"இன்னும் மூணு இருக்கு சார்."

வெளியே வந்து வேப்பமரத்தடியில் உட்கார்ந்து யோசித்தார்கள்.

"மதிப்பு குறைஞ்சா காசு குறையுமாம்" என்றான் மொக்கைச்சாமி. "நம்ம வண்டிக்கு எதுக்குடா ரெண்டு கண்ணாடி?"

"பின்னாடி பாக்க."

"நீ முன்னாடிதான போற?"

சின்னக்காளை இரண்டு கண்ணாடியையும் கழற்றினான். மதிப்பு குறைந்ததில் மூவருக்கும் சந்தோஷம். ஹாரனையும் கழற்றினார்கள். தள்ளும்போது வாயாலேயே கத்திக்கொள்ளலாம்.

வியாழக்கிழமை இரண்டாவது ஆபீஸ். அங்கே வளர்மதி என்று ஒரு பெண். சுறுசுறுப்பான பேச்சு. "முதல் வருஷம் வண்டிய எங்கயும் இடிக்காம, எங்ககிட்ட பணம் கேக்காம இருந்தீங்கன்னா, அடுத்த வருஷம் தள்ளுபடி உண்டு. வருஷா வருஷம் கூடும். அதனால வண்டிய ஜாக்கிரதையா வச்சுக்கங்கண்ணா."

"அதுக்குத்தாம்மா ஏறவே மாட்டேங்கிறோம்" என்றான் ஒச்சப்பன் பெருமையாக.

அன்று சாயங்காலம் ஒச்சப்பன் வீட்டு வாசலில் பெரிய ஆலோசனை.

"ஒரு வண்டி எப்படி இடிக்குது?" என்று ஆரம்பித்தான் மொக்கைச்சாமி.

"வேகமாப் போயி" என்றான் ஒச்சப்பன்.

"ஏன் போகுது?"

"நாம ஓட்டுறதால."

"இல்லடா கூறுகெட்டவனே. உருளுறதால. இந்த ஆட்டுக்கல்லு நூறு வருஷமா இங்கயே கிடக்கு. இதுவரைக்கும் யாரையாச்சும் இடிச்சிருக்கா?"

சின்னக்காளை அதற்குள் ஸ்பேனரை எடுத்துவிட்டான். சக்கரம் இரண்டும் கழன்றன. சக்கரம் இல்லாத வண்டிக்கு செயின் எதற்கு? அதுவும் போச்சு. நிற்காத வண்டிக்கு ஸ்டாண்டு எதற்கு? அதுவும். கழற்றக் கழற்ற மதிப்பு குறைந்தது, விபத்தும் குறைந்தது. ஒச்சப்பனுக்குக் கண் கலங்கிவிட்டது. இப்படிப்பட்ட கூட்டாளிகள் யாருக்குக் கிடைப்பார்கள்?

ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால் பைக் முழுதும் தரையில் கிடந்தது. நாலு சாக்கைப் பிரித்து ஒன்றாகத் தைத்து, எல்லாவற்றையும் உள்ளே போட்டு வாயைக் கட்டினார்கள். பெட்ரோலைக்கூட ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல் பக்கத்து வீட்டு மோட்டாருக்கு ஊற்றிவிட்டார்கள். பெட்ரோல் விக்கிற விலைக்கு அதுவும் மதிப்புதானே.

வெள்ளிக்கிழமை மூட்டையை மூங்கில் கழியில் கட்டித் தூக்கிக்கொண்டு மூன்றாவது ஆபீசுக்குப் போனார்கள். மூட்டையை வெளியே வைத்துவிட்டு ஒச்சப்பன் மட்டும் உள்ளே போனான். அங்கிருந்தவர் அவன் நீட்டிய பழைய இன்சூரன்ஸ் பேப்பரைப் புரட்டினார்.

"பாலிசி முடிஞ்சு ஏழு மாசம் ஆச்சேப்பா. அப்படின்னா வண்டிய நாலு பக்கமும் போட்டோ எடுத்துட்டு வா. முன்னாடி, பின்னாடி, இடது, வலது. அப்பத்தான் போட முடியும்."

நேரே போட்டோ ஸ்டுடியோவுக்குப் போனார்கள். ஸ்டுடியோக்காரர் மூட்டையைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

"எது முன்பக்கம்?"

இந்த யோசனை யாருக்கும் வரவில்லை.

"ஹேண்டில்பார் எந்தப் பக்கம் கிடக்குதோ, அதான் முன்பக்கம்" என்றான் மொக்கைச்சாமி.

சின்னக்காளை சாக்கைத் தடவினான். "இங்கிட்டு ஒரு ஹேண்டில் இருக்கு. ஆனா ஹெட்லைட்டு அங்கிட்டுல்ல இருக்கு?"

"அப்ப வண்டி ரெண்டு பக்கமும் போகும்போல" என்றான் ஒச்சப்பன்.

கடைசியில் சாக்கின் மேல் மொக்கைச்சாமியே கரியால் "முன்" என்று எழுதினான். ஸ்டுடியோக்காரர் நாலு படம் எடுத்தார். கல்யாண வீட்டுப் பழக்கத்தில் அவர் "கொஞ்சம் சிரிங்க" என்று சொல்லிவிட, மூட்டைக்குப் பின்னால் நின்ற மூன்று பேரும் சிரித்தார்கள்.

படம் சனிக்கிழமை காலையில்தான் கைக்கு வந்தது. ஆபீஸ் திறந்ததும் முதல் ஆளாக நீட்டினான் ஒச்சப்பன். அந்த மனுஷன் நாலு படத்தையும் மேஜையில் பரப்பி வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"என்னப்பா இது?"

"வண்டி சார். இது முன்பக்கம். எழுதியிருக்கு பாருங்க."

"போயி இத பைக்கா மாட்டிக் கொண்டாங்கய்யா! மூட்டைக்கெல்லாம் நான் இன்சூரன்ஸ் போட முடியாது!"

வெளியே வந்ததும் ஒச்சப்பன் சின்னக்காளையைப் பார்த்தான். "மாப்ள, சீக்கிரம் மாட்டுடா. மணி ஒன்பதரை."

"மாட்டவா?" சின்னக்காளை நிஜமாகவே திகைத்துப் போனான். "மாட்டத் தெரியாதுடா. எதிர்வீட்டு மெக்கானிக் கழட்டுறதத்தான் நான் பாத்திருக்கேன். மாட்டுற நேரத்துல எனக்குப் பள்ளிக்கூடம்."

மூன்று வருஷம் கழித்து வந்த வேலை. அரை மணி நேரத்தில் வேறு எவனுக்கோ போகப் போகிறது. மேனேஜர் சொன்ன எதையும் அவன் மீறவில்லை. ஏறாதே என்றார், ஏறவில்லை. விசாரி என்றார், மூன்று இடத்தில் விசாரித்தாகிவிட்டது. இந்த டவுனில் நாலாவது இன்சூரன்ஸ் ஆபீஸ் இல்லை என்றால் அது அவன் குற்றமா?

"பேப்பர்தான இல்ல. வண்டி இருக்குல்ல? வண்டியவாச்சும் பத்து மணிக்குக் கொண்டு போவோம்" என்றான். மூட்டையைத் தூக்கிக்கொண்டு பார்சல் ஆபீசுக்கு ஓடினார்கள்.

கவுண்டரில் இருந்த ஜெசிந்தா ஒரு காதில் போனை வைத்துக்கொண்டே வேலை பார்க்கிறவள். மூட்டையைக் கண்டதும் தராசைக் காட்டினாள். தூக்கி வைத்தார்கள்.

"உள்ள என்ன?"

"பைக்குங்க."

'பைக் உதிரி பாகம்' என்று எழுதினாள். "எங்க போகணும்?"

ஒச்சப்பன் யோசித்தான். வேலை முடிந்தால் வண்டி எங்கே போகும்? "எங்க வீட்டுக்குத்தான்" என்று தன் பேர், விலாசம், போன் நம்பர் எல்லாம் சொன்னான்.

"இன்சூரன்ஸ் போடணுமா?"

மூன்று பேரும் கவுண்டரை நெருக்கிக்கொண்டு வந்தார்கள்.

"இங்க போடுவீங்களா?" என்று தலையை உள்ளே நீட்டினான் மொக்கைச்சாமி.

"பார்சலுக்கு நாப்பது ரூபா."

"நாலாவது இடம்டா!" என்று கத்தினான் சின்னக்காளை. "எல்லாத்தையும் விட கம்மிடா!"

ஒச்சப்பன் நாற்பது ரூபாயை நீட்டினான். முத்திரை குத்திய ரசீது வந்தது. இன்சூரன்ஸ் பேப்பர். மணி ஒன்பது ஐம்பத்தெட்டு.

அருளப்பன் சார் ரசீதை வாசித்தார். மூட்டையைப் பார்த்தார். மறுபடியும் ரசீதை வாசித்தார். அவருக்குப் பின்னால் மேலக்கோணம்பட்டி என்று எழுதிய அலமாரி பார்சல்களால் பிதுங்கிக்கொண்டிருந்தது. அந்த ஊருக்குப் போக எவனும் சம்மதிக்கவில்லை. போன இரண்டு பேரும் ஊர்க்காரர்களிடம் வழி கேட்டதோடு வேலையை விட்டு நின்றுவிட்டார்கள்.

"சரி. உனக்கு ஒரு பரீட்சை. இந்தப் பார்சல இன்னைக்கு அஞ்சு மணிக்குள்ள இதுல இருக்குற விலாசத்துல சேத்துட்டு, வாங்குற ஆளு கையெழுத்தோட வா. வேலை உனக்கு."

எவ்வளவு பெரிய முட்டாளாக இருந்தாலும் தன் கையெழுத்தைத் தானே போட்டுக்கொள்வான் என்பது அவர் கணக்கு. அப்படியே விட்டிருக்கலாம். ஆபீஸ் பழக்கம், ரூலையும் சொன்னார். "பேருல இருக்குற ஆளத் தவிர யார்கிட்டயும் குடுக்காத. ஆள் இல்லன்னா சீட்டு எழுதிக் கதவுக்கடியில போட்டுட்டு, பார்சலத் திருப்பிக் கொண்டாந்துரு. மூணு தடவை வரைக்கும் போகணும்."

வெயிலில் ஆறு கிலோமீட்டர் மூட்டையைத் தூக்கிக்கொண்டு ஊருக்கு வந்தார்கள். ஒச்சப்பன் வீட்டில் அவன் ஒரே ஆள்தான். கதவு பூட்டிக் கிடந்தது.

ஒச்சப்பன் தட்டினான். "பார்சல்!"

சத்தம் இல்லை.

"பலமாத் தட்டு. தூங்குறானோ என்னவோ" என்றான் மொக்கைச்சாமி.

பலமாகத் தட்டினான். அந்த வழியாக வந்த பஞ்சவர்ணம் அக்கா நின்று பார்த்தாள்.

"யாரத் தேடுற?"

"ஒச்சப்பனத்தான், அக்கா. பார்சல் வந்திருக்கு. பாத்தீங்களா?"

அவளும் மேலக்கோணம்பட்டிக்காரிதான். "காலையிலயே டவுனுக்குப் போனானே. இன்னும் வரலப்பா" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

மூட்டையில் எழுதியிருந்த நம்பருக்குப் போன் போட்டான் ஒச்சப்பன். எத்தனை தடவை போட்டாலும் லைன் பிசி.

"யார்கூடயோ பேசிட்டே இருக்காண்டா" என்றான் எரிச்சலாக. "பொறுப்பு இருக்கா பாரு."

சின்னக்காளை தலையைச் சொறிந்தான். "டேய், சாவி உன் டவுசர் பையிலதான இருக்கு? திறந்து உள்ள வச்சுட்டுப் போவமே."

ஒச்சப்பன் பதறிவிட்டான். "பார்சல் குடுக்க வந்தவன் ஆளில்லாத வீட்டத் திறக்கலாமா? திருட்டுக் கேசுல உள்ள வச்சுருவாங்கடா. வேலையே போயிரும்!"

நாலு மணி வரை பார்த்தார்கள். ஆள் வரவில்லை. 'வீட்டில் ஆள் இல்லை, இப்படிக்கு டெலிவரி ஒச்சப்பன்' என்று சீட்டு எழுதிக் கதவுக்கடியில் தள்ளிவிட்டு, மூட்டையைத் திருப்பித் தூக்கிக்கொண்டு டவுனுக்கு ஓடினார்கள்.

அருளப்பன் சாருக்கு முதலில் கோபம் வந்தது. பிறகு யோசித்துப் பார்த்தார். சொன்ன ரூலில் ஒரு எழுத்துக்கூடத் தப்பவில்லை. இத்தனை வருஷத்தில் இப்படி ஒருத்தன் வந்ததில்லை.

"வேலை உனக்குத்தான். திங்கக்கிழமை வந்துரு" என்றார்.

ஒச்சப்பன் ஆனந்தமாக வீட்டுக்கு வந்து கதவைத் திறந்தான். காலடியில் சீட்டு கிடந்தது. வாசித்தான். இன்னொரு தடவை வாசித்தான். ரத்தம் கொதித்தது.

திங்கட்கிழமை காலை ஆபீஸ் திறக்கும் முன்பே கூட்டாளிகளோடு வாசலில் நின்றான். அருளப்பன் சார் வந்ததும் சீட்டை அவர் முகத்துக்கு நேரே நீட்டினான்.

"என்ன சார் நடக்குது உங்க ஆபீசுல? பார்சலக் கொண்டாந்தவன் ஒரு பத்து நிமிஷம் காத்திருக்கக் கூடாதா? நான் எப்ப வருவேன்னு ஒரு வார்த்தை கேட்டானா? இவனெல்லாம் ஒரு ஆளுன்னு வேலைக்கு வச்சிருக்கீங்க!"

அருளப்பன் சார் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். "இப்ப என்னப்பா பண்ணச் சொல்ற?"

"வேலைய விட்டுத் தூக்குங்க சார்!"

"சரி, தூக்கிட்டேன்."

மூன்று பேரும் நிமிர்ந்து நடந்தார்கள். "தட்டிக் கேட்டாத்தாண்டா நியாயம் கிடைக்கும்" என்றான் மொக்கைச்சாமி.

அன்றிலிருந்து ஒச்சப்பன் வீட்டை விட்டு ஒரு அடி நகர்வதில்லை. இன்னும் இரண்டு தடவை பார்சல் வரும். அப்போது வீட்டில் ஆள் இருக்க வேண்டாமா?